செபரட்ணம் பாய்ந்து பிடித்த பந்துகள்

லண்டனில் அவுஸ்திரேலியர்களின் உதைபந்தாட்டத்தை ஆடிப் பெயர் எடுத்த தமிழன் ஒருவன் இருந்தான் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த ஆட்டம் என்னவென்றே நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. ஆடிய செபரட்ணம் தன்னைப் பற்றி வாய் திறக்கிறவனும் அல்ல. நோர்பரியில் ஒரே வீட்டில், ஒரே அறையில், எதிரெதிர்க் கட்டில்களில் ஐந்து வருடம் படுத்தெழும்பியவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செபரட்ணம் யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்தவன். அந்தக் கடற்கரையில் மீன்பிடியும் பூசையும் பந்தடியும்தான் வாழ்க்கை. ஆறடி உயரம், நீண்ட கைகள், விரித்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டை மூடிவிடும் உள்ளங்கை. பள்ளிக்கூட அணியில் தொடங்கி ஊர்க் கழகம் வரைக்கும் கோல் காப்பாளன் அவன்தான். அவனுக்கு முன்னால் தடுப்பாட்டக்காரனாக நின்றவன் அவனுடைய தம்பி சூசைதாசன். பந்து சூசையைத் தாண்டுவது கடினம், தாண்டினால் செபரட்ணத்தைத் தாண்டுவது அதைவிடக் கடினம் என்று அந்நாளில் ஊரில் பேசிக்கொள்வார்களாம்.

எண்பத்தைந்தில் ஒரு நாள் கடலுக்குப் போன சூசைதாசன் திரும்பி வரவில்லை. வள்ளம் மட்டும் இரண்டு நாள் கழித்துக் கரை ஒதுங்கியது. அதன் பலகையில் துப்பாக்கிச் சூட்டுத் துளைகள் இருந்தன. மிஞ்சிய ஒரு பிள்ளையாவது உயிரோடு இருக்கட்டும் என்று தாய் வள்ளத்தின் எஞ்சினை விற்று, நகைகளையும் விற்று, அடுத்த வருடம் அவனை லண்டனுக்கு அனுப்பிவிட்டார்.

இதில் எதையும் அவன் வந்த புதிதில் எங்களிடம் சொல்லவில்லை. நாங்கள் அந்த வீட்டில் ஏழு பேர். எல்லோரும் ஷிப்டு வேலை. பெற்றோல் செட், கடை, பேக்கரி. ஏர்ள்ஸ் கோர்ட்டில் ஒரு பப்பின் குசினியில் பாத்திரம் கழுவவும் கிழங்கு உரிக்கவும் அவனுக்கு இடம் கிடைத்தது. அந்தக் காலத்தில் ஏர்ள்ஸ் கோர்ட் முழுக்க அவுஸ்திரேலிய இளைஞர்கள். இரண்டு வருட விசாவில் வருவார்கள், பப்புகளில் வேலை செய்வார்கள், மிச்சம் பிடித்த காசில் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அந்தப் பப்பில் பியர் ஊற்றியவர்கள் எல்லோரும் அவர்கள்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு பின்முற்றத்தில் அவர்கள் ஒரு பந்தை உதைத்து விளையாடுவார்கள். இரண்டு முனையும் கூம்பிய சிவப்புத் தோல்பந்து. ஒரு நாள் செபரட்ணம் உரித்த கிழங்கை ஒரு பெரிய வட்டிலில் நிரப்பிக்கொண்டு முற்றத்தைக் கடந்து போயிருக்கிறான். யாரோ உதைத்த பந்து அவன் தலைக்கு மேலே உயரத்தில் போனது. அடுத்த கணம் வட்டில் கீழே, கிழங்குகள் முற்றமெங்கும், அவன் ஆகாயத்தில். கீழே வந்து நின்றபோது பந்து அவன் நெஞ்சோடு அணைந்திருந்தது.

டெரி என்று பியர் ஊற்றுகிற ஒருவன், மெல்பேர்ன் பக்கத்துப் பெடியன், வாய் பிளந்து நின்றானாம். குசினித் தலைவன் கதவைத் திறந்து கத்த, செபரட்ணம் கிழங்கு பொறுக்க, டெரியும் கூடக் குந்தியிருந்து பொறுக்கிக்கொண்டே, இதை எங்கே படித்தாய் என்று கேட்டிருக்கிறான்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது அந்தப் பந்து அவன் கக்கத்தில் இருந்தது.

"உது என்ன பந்தோ, பழுத்த பப்பாப்பழமோ?" என்று நான் கேட்டேன்.

"அவுஸ்திரேலியாப் பந்து. குத்தினா எந்தப் பக்கம் போகுமெண்டு அதுக்கே தெரியாது," என்று சிரித்தான். அவன் வந்து இரண்டு வருடத்தில் அவன் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நாளில் லண்டனிலிருந்த அவுஸ்திரேலியர்கள் கழகங்கள் அமைத்துத் தங்களுக்குள் போட்டி நடத்தத் தொடங்கினார்கள். டெரியும் நண்பர்களும் அமைத்த கழகத்துக்குப் பெலிக்கன்ஸ் என்று பெயர். கோடைகாலச் சனிக்கிழமைகளில் டூட்டிங் பக்கத்துப் பொதுத்திடலில் விளையாடுவார்கள். என்னிடம் ஒரு பழைய கார் இருந்தபடியால் அவனைக் கொண்டுபோய் விடுவது என் வேலையாயிற்று.

ஆட்டம் இப்படி. திடல் முட்டை வடிவம். இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள், வலை கிடையாது. பந்தைக் காலாலும் உதைக்கலாம், கையாலும் குத்தி அனுப்பலாம். ஒருவன் உதைத்த பந்தை நிலத்தில் படமுன் இன்னொருவன் பிடித்துவிட்டால் அதற்கு மார்க் என்று பெயர். மார்க் பிடித்தவனை யாரும் தொடக்கூடாது. அவன் ஆறுதலாக நின்று உதைக்கலாம். அதைப் பிடிப்பதற்காக எதிராளியின் முதுகில் முழங்காலை வைத்து ஏறிப் பாய்ந்தாலும் குற்றமில்லை. தலைக்கவசம் கிடையாது. முதல் நாள் பார்த்தபோது, இது பந்தடியா அடிதடியா என்று எனக்கு விளங்கவில்லை.

அவனுக்கும் விளங்கவில்லை. நிலத்தில் உருண்டு வந்த பந்தைப் பிடித்ததும் கோல் காப்பாளனின் பழக்கத்தில் அதைக் கட்டிப்பிடித்தபடி நிலத்தில் விழுந்து படுத்தான். மூன்று பேர் மேலே விழுந்தார்கள். நடுவர் விசிலடித்து, பந்தை விடாமல் வைத்திருந்தான் என்று அவனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். செபரட்ணம் சேறு பூசிய முகத்தோடு எழும்பி, ஏன் என்று கேட்காமல் பந்தை அவர் கையில் மரியாதையாகக் கொடுத்தான். திடல் முழுக்கச் சிரித்தது.

அடுத்த வருடம் யாரும் சிரிக்கவில்லை. ஓடும்போது பந்தை எத்தனை அடிக்கு ஒருமுறை நிலத்தில் தட்ட வேண்டும், காலை எப்படி வைத்து உதைத்தால் பந்து சுழன்று நேராகப் போகும் என்றெல்லாம் டெரி அவனுக்குப் பழக்கிவிட்டான். பாய்வதை மட்டும் யாரும் பழக்கவில்லை. கூட்டமாக நாலைந்து பேர் ஒரே பந்துக்கு எழும்புவார்கள். எல்லோருடைய கைகளுக்கும் மேலே இரண்டு கறுத்தக் கைகள் போகும். அவ்வளவுதான். கரையில் நின்றவர்கள் "செப்! செப்!" என்று கத்துவார்கள். வேறு கழகத்துக்காரர்கள் தங்கள் ஆட்டம் முடிந்ததும் பஸ் பிடித்து அவனைப் பார்க்க வந்தார்கள். லண்டன் அவுஸ்திரேலியர்களுக்கென்று ஓர் இலவச வாரப் பத்திரிகை இருந்தது. அதில் அவனுடைய படம் அரைப்பக்கத்தில் வந்தது. அந்தரத்தில் இருக்கிறான், காலுக்குக் கீழே இன்னொருவனின் தோள். தொண்ணூற்றொன்றிலும் தொண்ணூற்றிரண்டிலும் அந்தப் பருவத்தின் சிறந்த வீரன் என்று அவனுக்கே கேடயம் கொடுத்தார்கள். அவுஸ்திரேலியாவில் பிறக்காத ஒருவனுக்கு அதைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

நோர்பரியில் அவனுக்கு "அவுஸ்திரேலியா" என்றே பட்டம் விழுந்தது. "எங்க, அவுஸ்திரேலியா வேலைக்குப் போயிட்டாரோ?" என்பார்கள். கேலியில் கொஞ்சம் கோபமும் இருந்தது. ஏனென்றால் நம்மவர்கள் ஊர்ப் பெயர்களிலும் பள்ளிக்கூடப் பெயர்களிலும் உதைபந்தாட்டப் போட்டி வைக்கத் தொடங்கிய காலம் அது. குருநகரில் அவனோடு ஒன்றாக விளையாடிய கிறிஸ்துராஜா ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், எங்கட பேரில ரீம் இறக்கிறம். கோலுக்கு நீதான் நிக்க வேணும்."

"என்னால ஏலாது ராஜா."

"ஏன் ஏலாது? உந்த வெள்ளையளோட கட்டிப்புரள நேரம் இருக்கு. எங்களோட நிக்க நேரமில்லையோ?"

செபரட்ணம் எழும்பிக் குசினிக்குப் போனான். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். கிறிஸ்துராஜா அதைக் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டான். பிறகு பல வருடம் இருவருக்கும் கதை பேச்சு இல்லை.

சில நாள் கழித்து, காரில் போகும்போது, நான் கேட்காமலே சொன்னான். "குகன், கோல் போஸ்டுக்கு நடுவில நிண்டா முன்னால ஒரு முதுகு தெரிய வேணும். பதினாலு வயசில இருந்து எனக்குச் சூசையின்ர முதுகுதான் தெரிஞ்சது. அதில வேற ஒருத்தன் நிக்க நான் பாக்கமாட்டன். இஞ்ச அப்பிடி ஒண்டுமில்ல. நாலு கம்பம் இருக்கு, ஒருத்தரும் காவலுக்கு நிக்கிறேல்ல. சூசை ஆரெண்டு கேக்கவும் ஆளில்லை." தம்பியைப் பற்றி அவன் என்னிடம் சொன்னது அந்த ஒரு தடவைதான். மற்றதெல்லாம் கிறிஸ்துராஜா பிற்காலத்தில் சொன்னது.

தொண்ணூற்றொன்றில் பியற்றிஸ் வந்தாள். குருநகருக்குப் பக்கத்துப் பாசையூர்ப் பெண், தாய் பேசி அனுப்பிய சம்பந்தம். டூட்டிங் கத்தோலிக்கக் கோயிலில் கலியாணம் நடந்தது. பெலிக்கன்ஸ் பெடியள் பதினைந்து பேர் கோட் சூட்டோடு வந்து, இடியப்பத்தை எப்படிச் சாப்பிடுவதென்று தெரியாமல் முழித்தார்கள். செபரட்ணம் அதற்குள் அந்தப் பப்பில் சமையற்காரனாக உயர்ந்துவிட்டான். நோர்பரியிலேயே ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்துப் போனார்கள். அடுத்த வருடம் நிர்மலா பிறந்தாள்.

பியற்றிஸ் ஒரே ஒரு தடவைதான் திடலுக்கு வந்தாள். புருஷன் மேலே எழும்பியபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவன் முதுகடிபட்டுக் கீழே விழுந்த சத்தத்தைக் கேட்டதும் இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "குகன் அண்ணை, என்னை வீட்டை கொண்டுபோய் விடுங்கோ. இதை என்னால பாக்க ஏலாது."

தொண்ணூற்று மூன்றில்தான் முதல் பெரிய அடி. அவன் மேலே எழும்பும்போது பின்னாலிருந்து எழும்பியவனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் பட்டது. கை கால் விறைத்தபடி விழுந்தான். நாங்கள் ஓடிப்போனபோது கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் எழும்பி உட்கார்ந்தான். ஒருவன் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்க, "மூண்டு" என்று தமிழில் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டத்தின் கடைசிக் காற்பகுதியில் மறுபடியும் இறங்கி விளையாடினான். அப்போது அப்படித்தான். எழும்பி நின்றால் ஆள் சுகம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் "எங்க மச்சான் போறம்?" என்று கேட்டான். சொன்னேன். சந்தி கடந்ததும் திரும்பவும் கேட்டான். பகிடி விடுகிறான் என்று நினைத்தேன்.

பாட்டி இங்கிலாந்துக்காரி என்பதால் மற்றவர்களைவிட அதிக காலம் தங்கியிருந்த டெரியும் அந்த வருடக் கடைசியில் ஊருக்குப் போனான். ஒவ்வொரு செப்டெம்பரிலும் பெலிக்கன்ஸில் பாதிப்பேர் விசா முடிந்து போய்விடுவார்கள். அழுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், மெல்பேர்னுக்கு வா என்பார்கள். வசந்தத்தில் புதுப் பெடியள் வருவார்கள். செபரட்ணம் மட்டும் அங்கேயே நின்றான். அவர்களைப் போலத் திரும்பிப் போவதற்கு அவனுக்கு ஊர் இருக்கவில்லை. தொண்ணூற்று நான்கில் அந்தக் கழகத்தில் மூத்தவன் அவன்தான். புதிதாக வருகிறவர்களுக்கு, அவர்கள் நாட்டு ஆட்டத்தை, அவன் சொல்லிக்கொடுத்தான்.

அந்த வருடம் இன்னும் இரண்டு தடவை தலையில் அடிபட்டது. பிறகு தலையிடி தொடங்கியது. வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று வீட்டில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு இருப்பான். பிள்ளை அழுதால் கத்துவான். கத்திவிட்டு, ஏன் கத்தினேன் என்று தெரியாமல் குந்தியிருப்பான். பியற்றிஸ் விடாப்பிடியாக நின்று குடும்ப வைத்தியரிடம் போக வைத்தாள். அவர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அதே நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. பிரித்தானியாவில் இந்த ஆட்டத்தை ஆடும், அவுஸ்திரேலியர் அல்லாத வீரர்களைச் சேர்த்து ஓர் அணி மெல்பேர்னுக்குப் போகப் போகிறது. தெரிவானவர்களில் முதல் பெயர் செபரட்ணம். பிரித்தானிய உள்துறையான ஹோம் ஒபிஸ் அவனுக்கு அகதிப் பயணப் பத்திரம் கொடுத்து அதிக நாளாகவில்லை. அதில் முதலில் குத்தப்படப் போகும் முத்திரை அவுஸ்திரேலியாவினுடையது என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் பிறகுதான் அறிந்தேன். பியற்றிஸுக்கு அப்போது ஆங்கிலம் வராது. "தாங்க் யூ", "சொறி", பஸ்ஸில் இறங்குமிடம், அவ்வளவுதான். தலையைப் படமெடுத்துப் பார்த்த நிபுணர் ஒரு வயதான ஆங்கிலேயர். அவர் செபரட்ணத்திடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். மூளையில் ஏற்கெனவே காயத் தழும்புகள் இருக்கின்றன. இன்னோர் அடி பட்டால் என்ன ஆகுமென்று யாராலும் சொல்ல முடியாது. இந்த விளையாட்டை இன்றோடு விட்டுவிட வேண்டும். பிறகு பியற்றிஸின் பக்கம் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து அதையே மெதுவாக இன்னொரு தடவை சொல்லிவிட்டு, உங்கள் மனைவிக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்றிருக்கிறார்.

செபரட்ணம் மனைவியிடம் சொன்னான்: "பயப்பிட ஒண்டுமில்லையாம். ரெண்டு மாசம் ஓய்வெடுத்துப்போட்டு விளையாடலாமாம்."

"அப்ப ஏன் அவர் இப்பிடி முகத்தை வச்சுக்கொண்டு சொல்லுறார்?"

"இஞ்சத்தை டொக்டர்மார் அப்பிடித்தான் பியற்றிஸ். அவைக்குச் சிரிக்கத் தெரியாது."

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. எழும்பி அந்த வைத்தியரிடம் "தாங்க் யூ டொக்டர்" என்று கைகூப்பினாள். அவர் அவளுடைய கைகளைப் பிடித்து ஆறுதலாக அழுத்தினாராம். நல்ல மனுஷன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தொண்ணூற்றைந்து ஓகஸ்ட் மாதம் அவன் விமானம் ஏறினான். மெல்பேர்னில் டெரியின் வீட்டில் தங்கினான். முதல் ஆட்டத்தில் பந்தை அவன் பிடித்த அழகைப் பார்த்து, அங்கே பிறந்து வளர்ந்த கிழவர்கள் வேலிக்கு அப்பால் நின்று தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள் என்று டெரி சொன்னான். இரண்டாவது ஆட்டத்தில், யாரும் பெரிதாக மோதவில்லை, ஒருவனுடைய தோள் தாடையில் உரசியது, அவ்வளவுதான், செபரட்ணம் பந்தோடு நிலத்துக்கு வந்தான். நின்றான். இரண்டு அடி நடந்தான். பிறகு மடங்கி விழுந்தான்.

டெரி டெலிபோன் எடுத்தபோது நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். நிர்மலாவுக்கு மூன்றாவது பிறந்தநாள். கேக் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பியற்றிஸ் ரிசீவரை எடுத்து, இங்கிலிஷ் என்று என்னிடம் நீட்டினாள்.

டெரி அழுதுகொண்டே பேசினான். மூளையில் இரத்தம் கசிந்து ஒப்பரேஷன் முடிந்திருக்கிறது, உயிருக்குப் பயமில்லை, ஆனால் பழைய ஆளாக வருவானா தெரியாது என்றான். பிறகு, எனக்கு முதலே தெரிந்திருந்தால் அவனை இறங்க விட்டிருக்கவே மாட்டேன் என்றான். முந்தின இரவுதான், சாப்பிடும்போது, லண்டன் டொக்டர் என்னை விளையாடவே கூடாதென்று தடுத்தவர் என்று செபரட்ணம் பகிடியாகச் சொன்னானாம். நான் அதைப் பகிடியென்றே நினைத்தேன், இங்கே டொக்டர்மார் பழைய தழும்புகளைச் சொன்னபோதுதான் உண்மையென்று விளங்கியது என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

"என்னவாம் அண்ணை? முழுதும் சொல்லுங்கோ. ஒண்டும் ஒளிக்கவேண்டாம்," என்றாள் பியற்றிஸ்.

சொன்னேன். ஒப்பரேஷனைச் சொன்னபோது சிலுவை போட்டுக்கொண்டாள். வைத்தியர் தடுத்த விஷயத்தைச் சொன்னபோது முதலில் விளங்காதவள்போல என்னைப் பார்த்தாள். பிறகு கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நான் அந்த டொக்டருக்கு தாங்க் யூ சொன்னனான் அண்ணை," என்றாள். "கைகூப்பிச் சொன்னனான்."

கேக் வெட்டவில்லை.

நாலைந்து கிழமையில் அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பிறகு நடந்தான், பேசினான். வெளியே பார்ப்பவர்களுக்கு ஆள் சரிதான். ஒரு நாள் நான் இருக்கும்போதே பியற்றிஸ் கேட்டாள்.

"ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

சொல்ல வேண்டிய சொற்கள் அவனுக்கு அப்போது மெதுவாகத்தான் வந்தன. "இஞ்ச வந்தநாள் முதலா அகதி எண்டவை. குசினிக்காரன் எண்டவை. நம்பர் சொல்லிக் கூப்பிட்டவை. உந்தத் திடலில மட்டும்தான் பியற்றிஸ் என்ர பேரைச் சொல்லிச் சத்தம் போட்டவை. அதை அவையின்ர ஊரில ஒருக்காக் கேக்க ஆசைப்பட்டுட்டன். நீர் அறிஞ்சா விட்டிருக்கமாட்டீர்."

"விட்டிருக்கமாட்டன்தான்," என்றாள் அவள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. ஆனால் அடுத்த கிழமையே கவுன்சில் நடத்திய ஆங்கில வகுப்புக்குப் பெயர் கொடுத்தாள். இனி எந்த டொக்டர் என்ன சொன்னாலும் என் காதால் கேட்பேன் என்றாள்.

பழைய ஆள் வரவில்லை. முதலில் மணம் போயிற்று. கருவாடு பொரித்தாலும் கோயிலில் சாம்பிராணி போட்டாலும் அவனுக்கு ஒன்றுதான். சமையற்காரனுக்கு மூக்கில்லாவிட்டால் என்ன வேலை? எண்ணெய் கருகி அடுப்படி புகைந்ததை அறியாமல் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த நாளில், பப் முதலாளி கவலையோடுதான் அவனை நிறுத்தினார். பிறகு வலிப்பு வரத் தொடங்கியது. பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பியற்றிஸ் ஓர் ஆஸ்பத்திரிக் கன்ரீனில் வேலைக்குப் போனாள். அரசாங்கம் கொடுத்த நோய் பெனிபிட்டும் அவளுடைய சம்பளமுமாக வீடு ஓடியது. என்னுடைய ஷிப்டு மாலையில் என்பதால் பகலில் அவனோடு இருப்பேன். கிறிஸ்துராஜாவும் ஒரு நாள் வந்தான். செபரட்ணம் அவனைக் கண்டதும் எழும்பி, "வாடா ராஜா" என்று கட்டிப்பிடித்தான். சண்டை போட்டது அவனுக்கு நினைவில் இல்லை. கிறிஸ்துராஜா அன்றைக்கு அழுத அழுகையை நான் மறக்கமாட்டேன். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஸ்ட் ஹாமிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு தவறாமல் வருவான்.

தொண்ணூற்றேழு கோடையில் ஒரு சனிக்கிழமை செபரட்ணம் காலையிலிருந்து திடலுக்குப் போவோம் என்று நச்சரித்தான். கூட்டிக்கொண்டு போனேன். பெலிக்கன்ஸ் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதே சட்டை, அதே நிறம். முகங்களில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்ததல்ல. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெடியள், அந்த வசந்தத்தில் வந்து இறங்கியவர்கள். கரையிலும் யாருக்கும் அவனைத் தெரியவில்லை.

பந்து எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் செபரட்ணம் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு கோட்டுக்குள் போனான். ஒரு பெடியன் ஓடிவந்து, தப்பாக நினைக்க வேண்டாம், அடிபட்டுவிடும், பின்னால் நில்லுங்கள் என்று பணிவாகச் சொன்னான். கெட்ட பெடியன் அல்ல. நான் அவனிடம், இவர் யாரென்று தெரியுமா, உங்கள் கழகத்தின் சிறந்த வீரராக இருந்தவர் என்று சொல்லத் தொடங்கினேன். பந்து திரும்பி வந்தது, அவன் ஓடிவிட்டான்.

செபரட்ணம் என் கையைப் பிடித்தான். "குகன், எங்கட சூசை எங்க நிக்கிறான்? அவனைக் காணேல்ல. கோல் திறந்துபோய்க் கிடக்கு," என்றான். அவன் கண் அந்த நாலு கம்பங்களுக்கு முன்னால் தேடிக்கொண்டிருந்தது. நான் வருவான் என்றேன். வேறென்ன சொல்ல? ஆட்டம் முடியும்வரை தேடினான். பிறகு களைத்துப்போய் என் தோளில் சாய்ந்தபடி காருக்கு வந்தான். அதன்பிறகு நான் அவனை அங்கே கொண்டுபோகவில்லை.

தொண்ணூற்றொன்பது ஜனவரியில், ஒரு காலை, கட்டிலில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது வலிப்பு வந்தது. பியற்றிஸ் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவனுக்கு வயது முப்பத்தேழு.

நான் கழகத்துக்கு டெலிபோன் எடுத்தேன். செயலாளர் புதுப் பெடியன். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னான். சொன்னேன். மன்னிக்க வேண்டும், எனக்கு அவரைத் தெரியாது, ஆனாலும் வருவோம் என்றான். வந்தார்கள், மூன்று பேர். குளிர்கோட்டுக்குள்ளே பெலிக்கன்ஸ் சட்டை போட்டிருந்தார்கள். தாங்கள் ஒருநாளும் காணாத மனிதனின் பெட்டிக்கு முன்னால் தலைகுனிந்து நின்றார்கள். பெட்டியைத் தூக்கியவர்கள் கிறிஸ்துராஜாவும் குருநகர் ஆட்களும். டெரி மெல்பேர்னிலிருந்து டெலிபோன் எடுத்தான். "செப்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டான். தாய்க்கு அறிவிக்கப் பல நாளானது. அப்போது யாழ்ப்பாணத்துக்கு லைன் கிடைப்பது அப்படி.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பியற்றிஸ் நிர்மலாவுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஆறு வயது முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா பெரிய ஆளா, எல்லோருக்கும் தெரிந்த ஆளா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பியற்றிஸ் சீப்பை நிறுத்தவில்லை. "ஓம் பிள்ளை. நிறையப் பேருக்குத் தெரியும்," என்றாள். "அவையெல்லாம் தங்கட ஊருக்குப் போயிட்டினம்."

பின்னலை முடித்து றிபன் கட்டினாள். பால் குடிக்கச் சொன்னாள். நேரமாகிவிட்டது, மழையும் தூறத் தொடங்கியிருந்தது. இருவரையும் நான் காரில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.